பூங்கா அமைப்பதற்கு முன் நிலத்தைப் பட்டியலில் ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையிலும் புறநகர்களிலும் புதிய பூங்கா ஒன்று திறக்கப்படும்போதெல்லாம் அதன் செலவுக் கணக்கும் திறப்பு விழாப் படமும் வெளிவருகின்றன. ஆனால் பூங்காவுக்கென்றே பொதுமக்கள் பெயரில் ஏற்கெனவே எழுதித் தரப்பட்டு, வேலிகூட இல்லாமல் கிடக்கும் நிலங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புது இடம் தேடி அலைவதற்கு முன்பு, அந்த நிலங்களை உள்ளாட்சி அமைப்பும் குடியிருப்போரும் சேர்ந்து காப்பாற்றுவதற்கு ஓர் ஏற்பாடு தேவை என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதைத் தெளிவாகவே வரையறுத்துள்ளன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டிய எந்த மனைப்பிரிவிலும், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, பதிவு செய்யப்பட்ட தானப்பத்திரத்தின் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு ஒப்படைத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைப்பிரிவுகளில் நிலம் தர இயலாதபோது அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் செலுத்தலாம். நிலத்தை இப்படி இலவசமாகக் கேட்பது சொத்துரிமைக்கு எதிரானது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், இந்த ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே சட்டத்தில் குறையில்லை. பத்திரம் பதிவான மறுநாளிலிருந்துதான் குறை தொடங்குகிறது.

நான் வசிக்கும் தென்புறநகர் மனைப்பிரிவின் வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிய ஒரு பகுதி இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால், வீடு இடித்த செங்கல் குவியலும், வேலிகாத்தானும், மழைக்காலத்தில் முழங்காலளவு தேங்கும் தண்ணீரும்தான் தெரிகின்றன. நான்கு எல்லைக்கற்களில் இரண்டைக் காணவில்லை. மூன்றாவது, பக்கத்து மனைக்காரர் கட்டிய கழிவுநீர்த் தொட்டியின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தானப்பத்திரத்தின் நகல் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்திடம் இருக்கிறது, வில்லங்கச் சான்றிலும் அது பதிவாகியிருக்கிறது. ஆனால் பட்டா இன்னும் மனைப்பிரிவை உருவாக்கியவர் பெயரிலேயே இருப்பதால், அலுவலகத்தில் கேட்டால் 'எங்கள் பதிவேட்டில் இல்லை' என்கிறார்கள். தானம் கொடுத்தவரும் மறந்துவிட்டார், வாங்கியவரும் மறந்துவிட்டார் என்றால் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் யார்? முதலில் வேலி போட்டவர்தான் என்று ஆகிவிடுகிறது.

இது புறநகருக்கு மட்டும் உரிய நோயன்று. 1859-இல் ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் நகரின் நடுவே உருவாக்கப்பட்ட பீப்பிள்ஸ் பார்க் நூறு ஏக்கருக்கும் அதிகமான பரப்பைக் கொண்டிருந்தது. பிறகு விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அதற்குள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நியாயம் இருந்திருக்கும், எல்லாம் பொதுக் காரியம்தான். இருந்தும் இன்று அந்தப் பெரும் பூங்காவின் மிச்சமாக நமக்கு இருப்பது மை லேடீஸ் பூங்கா மட்டுமே. நகராட்சி நிர்வாகத்தின் தலைமையகமே பூங்கா நிலத்தின் மீது எழுந்து நிற்கும் ஊரில், பூங்கா நிலத்தைக் காக்கும் பொறுப்பை அலுவலகத்திடம் மட்டும் விட்டுவிட முடியாது என்பது என் கருத்து.

கூட்டாகச் செய்தால் நடக்கும் என்பதற்கு மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்கா சாட்சி. அமிர்தாஞ்சன் நிறுவனரும் பத்திரிகையாளருமான காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயரைத் தாங்கிய அந்த இடம் மாநகராட்சியின் சொத்து. பராமரிப்பை நெடுங்காலமாகச் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் ஏற்றிருக்கிறது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோர், நிழலில் செய்தித்தாள் விரித்து உட்காரும் முதியவர்கள், ஞாயிற்றுக்கிழமையில் சிறார்களின் கச்சேரி கேட்க வருவோர் என எல்லாருக்கும் அதன் கதவு திறந்தே இருக்கிறது. நிலத்தின் உரிமை மாநகராட்சியிடமும், பொறுப்பு இன்னொருவரிடமும், பயன் பொதுமக்களிடமும் இருப்பதே அங்குள்ள சிறப்பு. இந்த மூன்றில் எது இடம் மாறினாலும் ஏற்பாடு கெட்டுவிடும். கதீட்ரல் சாலையில் அரசு நிலம் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்து, அதன் ஒரு பகுதி உணவகமாகப் பல்லாண்டுகள் நடந்து, 2010-இல் செம்மொழிப் பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திரும்பிய கதையை இந்தத் தலைமுறையே பார்த்திருக்கிறது. உரிமையைத் தெளிவுபடுத்தாமல் நிலத்தை ஒருவர் கையில் கொடுத்தால் திரும்பப் பெறுவதற்கு எத்தனை காலம் ஆகும் என்பதையும் அது காட்டுகிறது.

எங்களைப் போன்ற சிறிய சங்கங்களுக்குப் பெருநிறுவனம் துணைக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தந்தால் மீதியை அரசு தரும் அந்தத் திட்டத்தில் பூங்கா அமைக்கவும் இடமுண்டு. எங்கள் தெருக்காரர்கள் பணம் தரத் தயங்கவில்லை. தாங்கள் வேலி போட்டு, கிணறு தோண்டி, கன்று நட்ட பிறகு, நிலம் வேறொருவருடையது என்று நீதிமன்றத்தில் தடையாணை வந்துவிடுமோ என்றுதான் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் எனக்குத் தவறு தெரியவில்லை.

எனவே உள்ளாட்சி அமைப்புகள் முதலில் செய்ய வேண்டியது செலவே இல்லாத வேலை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத்திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959-லேயே இயற்றப்பட்டுவிட்டது. தம் எல்லைக்குள் உள்ள பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் உள்ளாட்சி அமைப்புகள் பட்டியலிட வேண்டும் என்றும், பட்டியலில் ஏறிய இடத்தை வேறு பயனுக்கு மாற்ற அரசின் முன் அனுமதி வேண்டும் என்றும் அது கூறுகிறது. தானமாகப் பெற்ற ஒவ்வொரு நிலத்தையும் சர்வே எண்ணோடு அந்தப் பட்டியலில் ஏற்றி, பட்டாவை மாற்றி, எல்லைக்கல் நட்டு, விவரத்தை வார்டு அலுவலகத்தில் ஒட்டட்டும். நிலத்துக்கு ஈடாகப் பெற்ற பணம் எவ்வளவு, எந்த இடத்தில் செலவானது என்பதையும் அதே பலகையில் எழுதட்டும். பகுதி சபைக் கூட்டங்களில் இந்தப் பட்டியலை ஆண்டுக்கொரு முறை வாசித்தால் போதும், காணாமல் போன கல்லை அடையாளம் காட்டுவதற்கு அங்கேயே பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள்.

அதன் பிறகு வரட்டும், பராமரிப்பைச் சங்கத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம். அதில் நுழைவுக் கட்டணம் கூடாது என்பதும், கதவைப் பூட்டும் நேரத்தைச் சங்கம் தன் விருப்பப்படி மாற்றக் கூடாது என்பதும், திருமண வரவேற்புக்கோ வாகனம் நிறுத்தவோ இடத்தை விடக் கூடாது என்பதும் இருக்க வேண்டும். இதைச் சங்கத்தைச் சேர்ந்தவனாகவே சொல்கிறேன். பராமரிப்பு கைக்கு வந்ததும், அடுத்த தெருப் பிள்ளைகள் பந்து விளையாட வந்தால் விரட்டும் காவலாளியை முதலில் நியமிக்கும் சங்கங்களும் உண்டு. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் உறுதி செய்தபோது, வழக்குக்கு வந்தவர்கள் அப்பகுதிவாசிகளே. வேலிக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவர்கள் அப்படி வரமாட்டார்கள்.

எங்கள் நிலத்தைப் பொறுத்தவரை, நில அளவருக்கான கட்டணத்தைச் சங்கமே கட்டவும், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டித் தரவும் தயாராக உள்ளோம். பட்டா மாற்றத்துக்கான மனு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உள்ளாட்சி அமைப்பின் பெயரில்தான் போக வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காகவே காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர் ஒருவர்,
சென்னை தென்புறநகர்.