உடம்பின் மேல் பழியைப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இருபது வருடத்துக்கும் மேலாகப் பள்ளியில் உயிரியல் பாடம் எடுத்து வருகிறேன். போன வாரம் பால் நிர்ணயம் பற்றிய பாடம். பலகையில் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய் என்று குரோமோசோம்களை எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோதே பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "அதனாலதான் டீச்சர் பொண்ணுங்களுக்குக் கணக்கு சரியா வராது" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பித்தான் சொன்னான். அந்த வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண் அதைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அந்தப் பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. பால் வேறு, பாலினம் வேறு என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் நாளிதழிலும் இரண்டையும் ஒரே பொருளில்தான் எழுதுகிறீர்கள். குரோமோசோம், ஹார்மோன், உறுப்புகள் இவை சார்ந்தது பால். அந்த உடம்போடு பிறந்தவர் எப்படி உட்கார வேண்டும், எதைப் படிக்க வேண்டும், எப்போது அழலாம், வீட்டில் எந்த வேலை யாருடையது என்று சமூகம் எழுதி வைத்திருக்கிற விதிகள் எல்லாம் பாலினத்தைச் சேர்ந்தவை. இலங்கைத் தமிழில் இதைப் பால்நிலை என்கிறார்கள், எனக்கு அது இன்னும் தெளிவாகப் படுகிறது.

ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்று ஒரு மரபணு இருப்பதை 1990-ல் கண்டுபிடித்தார்கள். கரு உருவாகி ஆறேழு வாரம் வரை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாதபடி இருக்கிற ஓர் உறுப்பை விந்தகமாக மாறச் சொல்லித் தூண்டுவது அதன் வேலை. அப்புறம் ஹார்மோன்கள் பார்த்துக்கொள்கின்றன. அதிலும்கூட இயற்கை ஒரே கோட்டில் போவதில்லை. எக்ஸ் ஒய் குரோமோசோம் இருந்தும் உடல் ஆண் ஹார்மோனை ஏற்காததால் பெண் உடலோடு பிறந்து வளர்கிறவர்கள் உண்டு, இரண்டு வகையிலும் சேராத உடலோடு பிறக்கிறவர்களும் உண்டு. ஆனால் இத்தனை வருடம் இந்தப் பாடம் எடுத்தும், வீடு பெருக்குவதற்கான மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று நான் ஒரு புத்தகத்திலும் பார்த்ததில்லை.

கணக்கு வராது என்ற பேச்சுக்கே வருகிறேன். அமெரிக்காவில் 1946-ல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். எந்திரத்தைச் செய்வதுதான் பெரிய வேலை, நிரல் அமைப்பது ஏதோ எழுத்தர் வேலை போல என்று அன்றைக்கு நினைத்தார்கள், அதனால் அதைப் பெண்களிடம் விட்டார்கள். அந்த வேலைக்குப் பணமும் மதிப்பும் கூடக் கூட, அது ஆண்களின் வேலையாகிவிட்டது. அதே நாட்டில் கணினி அறிவியல் பட்டம் வாங்கியவர்களில் பெண்கள் 1984-ல் சுமார் 37 சதவீதம் இருந்தார்கள், 2010 வாக்கில் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டார்கள். இந்த இருபத்தைந்து வருடத்தில் பெண்களின் மூளை மாறிவிட்டதா? மாறியது அந்த வேலை யாருக்கானது என்ற எண்ணம்தான்.

உடம்பைக் காரணம் காட்ட வேண்டாத இடத்தில் எல்லாம் காட்டுகிறோம் சரி, அதைக் கவனித்தே ஆக வேண்டிய இடத்தில் மறந்துவிடுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-ல், கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்து ஆய்வின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது, 1993-ல்தான் அதை விலக்கிக்கொண்டது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்து இருபது வருடம் ஆன பிறகு, 2013-ல், பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னார்கள். பெண் உடலிலிருந்து அந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது, அதனால் காலையில் எழுந்து வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு மிச்சம் இருக்கக்கூடும். அத்தனை வருடம் எத்தனை பெண்கள் இரட்டை அளவை விழுங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

காரிலும் இதே கதைதான். மோதல் சோதனைக்கு வைக்கிற பொம்மை பல பத்தாண்டுகளாகச் சராசரி ஆணின் உயரமும் எடையும் கொண்டது, பெண் பொம்மை என்று வைத்ததும் பெரும்பாலும் அதைச் சுருக்கியதுதான். சராசரிப் பெண்ணின் உடலை வைத்து ஒரு பொம்மையை ஸ்வீடனில் அஸ்ட்ரிட் லிண்டர் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2022-ல்தான் காட்டியது. அதற்கு முன்பே, 2011-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநர்களுக்கு அதே போன்ற விபத்தில் பலத்த காயம் படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்று சொல்லியிருந்தது.

என் அக்காவுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளாகத் தாடையில் வலி, முதுகில் வலி, மூச்சு வாங்கல், எழுந்து நிற்க முடியாத அசதி. மருத்துவமனையில் மனப்பதற்றம், ஓய்வு எடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாரடைப்பு என்று தெரிந்தது மறுநாள் இன்னொரு மருத்துவமனையில். பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முதல் அறிகுறி என்றாலும், இந்த மாதிரி அறிகுறிகள் ஆண்களைவிட அவர்களுக்கு அதிகமாக வரும் என்பது மருத்துவப் பாடத்தில் இருப்பதுதான். அக்கா பிழைத்துக்கொண்டாள், ஆனால் பெண் என்றால் சும்மா புலம்புவாள் என்ற எண்ணம் அன்றைக்கு அவளைக் கொன்றிருக்கும்.

வேலை, சம்பளம் பற்றி நீங்கள் நிறையவே எழுதுகிறீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, உலகில் சம்பளமில்லாமல் நடக்கிற வீட்டு வேலை, பராமரிப்பு வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்களுடையது. 2023-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், பணக்கார நாடுகளில் இன்று இருக்கிற சம்பள இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலேயே இருக்கிறது, முதல் குழந்தை பிறந்ததும்தான் அது பெரிதாகிறது என்று காட்டினார். குழந்தை பெறுவது பால் சார்ந்தது. பெற்ற பிறகு பத்துப் பதினைந்து வருடம் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் விடுப்பு எடுப்பது என்பது சுத்தமாகப் பாலினம் சார்ந்தது.

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பள்ளிகள் மூடின, அப்பாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள். அடுத்த வருடமே அங்கே சமத்துவச் சட்டம் வந்தது, 1980-ல் விக்டிஸ் ஃபின்பொகாடோட்டிர் என்ற பெண் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே நாளில் எல்லாம் மாறியது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த வேலை கண்ணுக்குத் தெரிவதற்கே அது நிற்க வேண்டியிருந்தது.

ஆண்களுக்கும் இந்த விதிகள் நல்லது செய்யவில்லை. உலக அளவில் தற்கொலை விகிதம் பெண்களைவிட ஆண்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல். அழாதே, வலிக்கிறது என்று சொல்லாதே என்று வளர்த்த பையன்கள் உதவி கேட்கப் போக மாட்டார்கள், இதை வகுப்பறையில் கண்ணால் பார்க்கிறேன்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். மருத்துவப் பக்கத்தில் ஒரு புதிய மருந்தைப் பற்றி எழுதும்போது, அதன் ஆய்வில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள். இன்னொன்று, பெரிய பதவிக்கு வரும் பெண்களிடமெல்லாம் உங்கள் நிருபர்கள் "வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். அடுத்து நீங்கள் பேட்டி எடுக்கப்போகிற ஆணிடமும் அதே கேள்வியைக் கேட்டு, அவர் சொல்கிற பதிலை ஒரு வரி விடாமல் அச்சிடுங்கள். அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய் அந்தப் பையனையே எழுப்பி வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை