தினசரி மார்க்கெட் பழக் கிடங்குகளில் நின்றுபோன உணவுப் பாதுகாப்பு ஆய்வை உடனே தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்,
தினசரி மார்க்கெட் பின்புறத் தெருக்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: தினசரி மார்க்கெட் பின்புறமுள்ள கிடங்குகளில் கார்பைடு கல் வைத்துப் பழங்கள் பழுக்க வைக்கப்படுவது – அங்கு உணவுப் பாதுகாப்பு ஆய்வு நடைபெறாதது – உடனடி ஆய்வும் நடவடிக்கையும் கோருவது – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தினசரி மார்க்கெட்டின் பின்புறம், அரசு மருத்துவமனையின் கிழக்கு மதிலை ஒட்டிய தெருக்களில் குடியிருக்கும் நாங்கள் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கிறோம். சென்ற ஐப்பசி மழையில் வாய்க்கால் பாலம் உள்வாங்கியபோது தாங்களே நேரில் வந்து பார்வையிட்ட பகுதி என்பதால், இடத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பாலத்தைத் தாண்டி வலப்புறம் வரிசையாக ஷட்டர் இறக்கிய கட்டடங்களைத் தாங்கள் அன்று கண்டிருப்பீர்கள். அவைதான் இம்மனுவில் கூறப்படும் பழக் கிடங்குகள்.

முன்பெல்லாம் பங்குனி பிறந்து மாம்பழ வரத்து தொடங்கியதும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் நகராட்சிப் பணியாளர்களுடன் இக்கிடங்குகளுக்கு வருவார். பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், கல் வைத்த பழங்களைப் பறிமுதல் செய்து குப்பைக் கிடங்கில் கொட்டி அழிப்பார்கள். அந்தச் செய்தி மறுநாள் நாளிதழில் வந்தால், மண்டிகள் சில வாரங்களாவது ஒழுங்காக நடக்கும். அந்த அலுவலர் மாறுதலாகிச் சென்றபின் அவருடைய இடத்திற்குத் தனியாக எவரும் வரவில்லை. வேறொரு பகுதியின் அலுவலர் கூடுதல் பொறுப்பாக இதையும் கவனிப்பதாகச் சொல்கிறார்கள். அவர் ஷட்டரைத் திறக்கச் சொல்லி உள்ளே நுழைந்ததை எங்கள் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகைப்படங்கள் அனுப்பினோம், திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று மனு அளித்தோம். "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற பதிலும், பிறகு "முடித்து வைக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியும்தான் எங்களுக்குக் கிடைத்தன. எது முடிந்தது என்பது எங்களுக்கு விளங்காததால் தங்களிடம் பின்வருவனவற்றை முறையிடுகிறோம்.

1. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன் கீழ் 2011ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட விற்பனைத் தடை மற்றும் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறைகளின் 2.3.5ஆம் விதி, அசெட்டிலீன் எனப்படும் கார்பைடு வாயுவால் பழுக்க வைத்த பழங்களை விற்பதையும், விற்பனைக்காகத் தம் இடத்தில் வைத்திருப்பதையும் தடை செய்கிறது. பழுக்க வைக்க வேண்டுமானால் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவுக்குள் எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016 முதல் அனுமதி இருக்கிறது. எனவே வேறு வழியின்றி வணிகர்கள் இதைச் செய்கிறார்கள் என்று யாரும் சொல்ல இடமில்லை.

2. இக்கிடங்குகளில் நடப்பதை நாங்கள் ஊகித்துச் சொல்லவில்லை. பருவத் தொடக்கத்துச் செந்தூராவிலிருந்து கடைசியில் வரும் நீலம் வரை, நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்று முற்றாத காய்களைக்கூட இரவு லாரிகளில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். நள்ளிரவுக்கு மேல் பூண்டு வாடை போன்ற ஒரு நெடி ஷட்டரின் இடுக்கு வழியாகத் தெரு முழுவதும் பரவுகிறது. விடிந்ததும் குப்பைத் தொட்டியில், சுண்ணாம்பைப் போல வெளுத்த தூள் சிந்திய காகிதப் பொட்டலங்கள் கிடக்கின்றன. கார்பைடு கல் காயின் ஈரத்தையும் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி அசெட்டிலீனை வெளியிட்டபின் எஞ்சுவது அந்தச் சுண்ணாம்புத் தூள்தான். தூய்மைப் பணியாளர்கள் அதை வெறுங்கையால் அள்ளுகிறார்கள். பொட்டலங்களின் புகைப்படங்களை இம்மனுவுடன் இணைத்துள்ளோம். முந்தைய மனுக்களுடனும் இணைத்திருந்தோம்.

3. ஐயா, எங்களை எல்லாவற்றையும்விட அதிகமாக வருத்துவது இந்தப் பழங்கள் போய்ச் சேரும் இடம். அதிகாலையில் ஷட்டர் திறந்ததும் முதல் தள்ளுவண்டிகள் எங்கள் தெரு வழியாக நேராக அரசு மருத்துவமனை வாசலுக்குத்தான் செல்கின்றன. அங்கே கிராமங்களிலிருந்து முதல் பேருந்தில் வந்து இறங்கும் மக்கள், வார்டில் படுத்திருப்பவருக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அரைக் கிலோவோ ஒரு கிலோவோ வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை, ஒரு துண்டு மாம்பழமாவது சாப்பிடட்டும் என்று தாய் வாங்குகிறாள். பிள்ளை பெற்ற மகளுக்குப் பழம் கொடுக்கச் சொல்லி மருத்துவர் சொன்னார் என்று ஒரு தகப்பன், சீப்பு வாழைப்பழத்தைத் துண்டில் சுற்றி எடுத்துப் போகிறார். பழம் ஒரே சீராக மஞ்சளாக இருக்கிறது, விலையும் மலிவு. அவர்கள் ஏன் சந்தேகப்படப் போகிறார்கள்?

இந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பு இருக்கிறது. இதனால் தலைசுற்றல், அடிக்கடி தாகம், உடல் சோர்வு, விழுங்குவதில் சிரமம், வாந்தி ஆகியவை வரக்கூடும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே எச்சரிக்கிறது. ஏற்கெனவே வாந்தியும் சோர்வுமாகப் படுத்திருக்கும் நோயாளிக்கு இவை வந்தால் அது நோயால் வந்ததா, பழத்தால் வந்ததா என்று எந்தச் செவிலியரால் பிரித்துச் சொல்ல முடியும்? இன்ன நோயாளிக்கு இந்தப் பழத்தால்தான் கேடு வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எங்களுக்கு இல்லை. ஆனால் அதைக் கண்டறியும் கடமையும் அதிகாரமும் உள்ளவர்கள் கிடங்கின் வாசலையே மிதிக்காதபோது, கேடு வரவில்லை என்று சொல்லும் தகுதி மட்டும் யாருக்கு இருக்கிறது? எங்கள் வீட்டுப் பெண்களும் பிரசவத்திற்கு இதே மருத்துவமனைக்குத்தான் செல்கிறார்கள். எங்களுக்கு விவரம் தெரியும் என்பதால் வீட்டிலிருந்து கொய்யாவோ பப்பாளியோ பறித்துக் கொண்டுபோகிறோம். அடுத்த கட்டிலில் இருப்பவரின் உறவினர் தள்ளுவண்டி மாம்பழத்தை நறுக்கும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாசலில் நின்று "இதை வாங்காதீர்கள்" என்று சொன்னால் தள்ளுவண்டிக்காரர் சண்டைக்கு வருகிறார். அவர் மேலும் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் கல் வைக்கவில்லை. மண்டியில் கடனுக்குக் கொடுத்ததை அன்றே விற்றுக் காசாக்கினால்தான் அவருடைய வீட்டில் அடுப்பு எரியும். இந்தச் சண்டையைத் தெருவில் நாங்களும் அவரும் போட வேண்டிய நிலையை ஏற்படுத்தியது ஆய்வு நின்றுபோனதுதான்.

4. பழத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாமே என்று முன்பு மனு அளித்தபோது எங்களிடம் அறிவுரையாகச் சொல்லப்பட்டது. காம்புப் பக்கம் பச்சையாக இருக்கும், உள்ளே வெளுத்துப் புளிக்கும் என்றெல்லாம் எங்களுக்கும் தெரியும். அவ்வாறு அறுத்துப் பார்த்துவிட்டு வாங்க எந்தக் கடைக்காரர் விடுவார்? சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார்கள். அசெட்டிலீன் வாயு காற்றோடு போய்விடக்கூடியது. கல் பெட்டிக்குள் இருக்கும்போது கிடங்கில் பிடிக்க வேண்டிய குற்றம் இது. இதை உணர்ந்துதான் 2025ஆம் ஆண்டுக் கோடையில், பழப் பெட்டிகளுடன் கார்பைடு இருந்தாலே அதைச் சூழ்நிலைச் சாட்சியமாகக் கொண்டு வழக்குத் தொடரலாம் என்று ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தியது. சந்தைகளிலும் கிடங்குகளிலும் ஆய்வைத் தீவிரப்படுத்தவும் சொன்னது. 38ஆம் பிரிவின்படி உள்ளே நுழையவும், மாதிரி எடுக்கவும், கைப்பற்றவும் அதிகாரம் பெற்றவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் வருவதில்லை. இதற்கு மேல் நாங்கள் எதைத்தான் நிரூபிக்க வேண்டும்?

5. அந்த வரிசையிலேயே கடன் வாங்கி எத்திலீன் அறை கட்டி முறையாகப் பழுக்க வைக்கும் வணிகர்களும் இருக்கிறார்கள். மின்கட்டணமும் செலுத்தி, நாட்கணக்கில் காத்திருந்தும் பழத்தை எடுக்கும் அவர்களால் கல் வைப்பவரின் விலைக்கு விற்க இயலவில்லை. ஆய்வு இல்லாத ஊரில் நேர்மையாளர் நட்டப்படுகிறார். விவசாயிக்கும் இது கேடுதான். 2025இல் தர்பூசணியில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றுவதாகப் பேச்சு பரவியபோது மக்கள் வாங்க அஞ்சி, விலை சரிந்து, விளைந்த பழத்தை விவசாயிகள் வயலிலேயே விட நேர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். முறையான ஆய்வும், முடிவை வெளிப்படையாக அறிவிக்கும் வழக்கமும் இருந்தால் மக்கள் வதந்தியை நம்ப மாட்டார்கள். எங்கள் புகாரும் வதந்தி என்றே கருதப்பட்டால், தயவுசெய்து உள்ளே சென்று பார்த்து அது பொய் என்றாவது எழுத்துப்பூர்வமாகச் சொல்லுங்கள். அதையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம்.

6. பட்டாணிக்கும் பாகற்காய்க்கும் பச்சைச் சாயம் ஏற்றுவதாகவும், கீரைக்கட்டுகளை வாய்க்கால் நீரில் அலசுவதாகவும் அண்டைத் தெருவினர் கூறுகிறார்கள். அவற்றை நாங்கள் நேரில் பார்க்கவில்லை. ஆய்வுக்கு வரும்போது அவற்றையும் பார்க்க வேண்டுகிறோம்.

7. தீ! கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தால் எரியும் வாயு உண்டாகும் என்பது வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் சிறுவனுக்கும் தெரியும். கோடை மழை ஒன்று பெய்தாலே அக்கிடங்குகளின் தரையில் தண்ணீர் ஏறுகிறது. சுவரின் மறுபக்கம் எங்கள் பிள்ளைகள் உறங்குகிறார்கள்.

ஐயா, பணியாளர் பற்றாக்குறை எங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவரே இரண்டு மூன்று பகுதிகளைச் சுமக்கும்போது எல்லா இடத்துக்கும் போக முடியாது என்பதையும் உணர்கிறோம். ஆனால் அந்தப் பற்றாக்குறையின் விலையை மருத்துவமனை வார்டில் படுத்திருப்பவர் ஏன் கொடுக்க வேண்டும்? பண்டிகைக் காலத்தில் இனிப்புக் கடைகளில் ஆய்வு நடக்கிறது, உணவகங்களில் நடக்கிறது, அவற்றை நாங்கள் வரவேற்கிறோம். பழக் கிடங்கு மட்டும் ஏன் யாருடைய பட்டியலிலும் இடம்பெறவில்லை? நாங்கள் சலுகையோ நிதியோ கேட்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலர் ஒரு ஷட்டரைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

ஆகவே, காலியாக உள்ள பணியிடம் நிரப்பப்படும் வரை காத்திராமல், இம்மாம்பழப் பருவம் முடிவதற்குள், முன்னறிவிப்பின்றி இரவு நேரத்தில் இக்கிடங்குகளில் உணவுப் பாதுகாப்பு, வருவாய், தீயணைப்புத் துறைகளின் கூட்டாய்வு நடத்த ஆணையிடுமாறு வேண்டுகிறோம். பகலில் வந்தால் கல்லும் இருக்காது, நெடியும் இருக்காது என்பதால் இரவு என்பதை வலியுறுத்திக் கேட்கிறோம். அதுவரை நடமாடும் உணவுப் பகுப்பாய்வு வாகனத்தை மருத்துவமனை வாசலில் வாரத்திற்கு ஒரு நாளாவது நிறுத்தச் செய்யுமாறும், பருவம் முழுவதும் ஆய்வு தொடர்வதற்கு ஒருவரைப் பெயரிட்டுப் பொறுப்பாக்குமாறும், ஆய்வின் முடிவை மார்க்கெட் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுமாறும், எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இம்மனுவையும் "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று முடித்துவிட வேண்டாம், ஐயா. அந்த உரிய அலுவலரைத்தான் இத்தனை காலமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து ஆய்வுக்கு ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்
(தெருவாசிகளின் கையொப்பங்கள் பின்பக்கத்தில்)