வெள்ளத்தை அம்மன் தலையில் கட்டாதீர்கள், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். அம்மன் கோயில் கொடை விழா நின்றுபோனதால்தான் 2023 டிசம்பரில் வெள்ளம் வந்தது என்று சொல்லி வருகிறீர்கள். நம்ம ஊருக்கு இந்த வழக்கு புதிதல்ல. 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பூகம்பம். ஒன்பது நாள் கழித்து, திருநெல்வேலிக் கூட்டத்தில்தான் அதைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார் காந்தி. இயற்கைச் சேதத்துக்கு இயற்கையில்தான் காரணம் என்று தாகூர் மறுத்து எழுதினார். அந்த மறுப்பைத் தன் ‘ஹரிஜன்’ இதழிலேயே போட்டார் காந்தி, கருத்தை மட்டும் விடவில்லை. தீண்டாமை பாவம்தான். ஆனால் அந்தப் பாவத்தால் அவதிப்பட்டவர்கள் வீடும் சேர்ந்தல்லவா இடிந்தது?

நம்ம வெள்ளத்துக்கு வருவோம். குமரிக்கடல் பக்கம் காற்றுச் சுழற்சி நகராமல் நின்றது. கடல் ஈரம் முழுவதும் ஒரே இடத்தில் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. அந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் பூராவும்கூட அவ்வளவு பெய்யாது. ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 38,000 லிட்டர், அதாவது மூன்று டேங்கர் லாரித் தண்ணீர். மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீரும் மொத்தமாகக் கீழ்க்குளத்துக்கு வரும். மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் மறுகால் அங்கே அடைபட்டிருந்தால் கரை எத்தனை நேரம் தாங்கும்?

திருநெல்வேலி குறுக்குத்துறையில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே முருகனுக்குக் கோயில் கட்டியவர்களுக்குப் பக்தி குறைவா? தண்ணீர் மோதும் பக்கத்தைப் படகு முனைபோல் கட்டி வைத்தார்கள். இன்றும் வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரைக் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள்.

ஐப்பசிக்கு முன்னால் குளத்தங்கரையை ஒரு தடவை நடந்து பாருங்கள். மறுகாலில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) இருந்தால் எடுக்க வேண்டும். மீனுக்காகப் பலகை வைத்து உயர்த்தியிருந்தால், யார் சண்டைக்கு வந்தாலும் கழற்ற வேண்டும். மடைக் கதவு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கரையில் மரம் வெட்டினால் வேரையும் தோண்டி, மண்ணைப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். வேர் மக்கினால் உள்ளே குழாய்தான். வெளிச்சரிவில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் கண் வைத்திருங்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. அது கசியும் வாயை அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரை ஏறவிட்டால் அரிப்பு மட்டுப்படும். கீழே குடியிருப்பவர்களை உடனே கிளப்பிவிடுங்கள்.

கொடைக்கு வரி பிரிக்கும்போதே கரை வேலைக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாமே. அம்மன் வேண்டாமென்றா சொல்லப் போகிறாள்?

அன்புடன்,
உங்கள் தம்பி