லாரி இன்ஜினை இறக்கும் முன் ஆயில் பிரஷரை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த டாடா, அசோக் லேலண்ட் லாரிகளை வைத்துக்கொண்டு ஒற்றை வண்டி உரிமையாளர்களாகத் தொழில் நடத்துவோர் இன்றும் பலர் இருக்கிறார்கள். இன்ஜின் சூடேறிய பிறகு ஆயில் பிரஷர் விளக்கு மினுக்குகிறது, ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, இன்ஜின் வேகம் ஏறி இறங்கித் தடுமாறுகிறது என்று இவர்கள் பட்டறைக்கு வரும்போது, எந்த அளவும் எடுக்காமலேயே, “பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்” என்று சொல்லிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அந்த முடிவு சில வண்டிகளில் சரியாகவே இருக்கும். ஆனால் இன்ஜின் வேலை ஒரு சிறு உரிமையாளரின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும் என்பதால், அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

முதலில் டேஷ்போர்டு மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. பழைய வண்டிகளில் பிரஷரை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் பிரஷர் யூனிட் பழுதானாலும், ஒயர் தேய்ந்தாலும், எர்த் சரியாகப் பிடிக்காவிட்டாலும் மீட்டர் தவறாகக் காட்டும். இன்ஜின் பிளாக்கில் உள்ள அந்த யூனிட்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஹோஸ் பொருத்திய ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, குளிர்ந்த நிலையிலும், நன்றாகச் சூடேறிய பிறகும், ஐடிலிங்கிலும், ஆக்சிலேட்டர் கொடுத்தும் அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சூடான இன்ஜினில் ஐடிலிங்கின்போது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவும், சாலை வேகத்தில் 3 முதல் 5 கிலோ வரையும் இருப்பது பல டீசல் இன்ஜின்களுக்குப் பொதுவான கணக்கு. அந்தந்த இன்ஜினுக்கு உரிய சரியான அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

இந்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் பழுது எங்கே என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். குளிர்ந்த நிலையிலேயே பிரஷர் குறைவாக இருந்தால் ஆயில் பம்ப், சம்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள ஸ்ட்ரெயினர் என்னும் சல்லடை, பிரஷர் மிகும்போது திறந்து ஆயிலை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரிலீஃப் வால்வில் ஒரு சிறு தூசி சிக்கித் திறந்தபடியே நின்றால்கூட பிரஷர் ஏறாது. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் மட்டும் விழுந்தால், பேரிங் தேய்மானம் அல்லது ஆயில் நீர்த்துப்போனது என்ற இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் பிடிக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் மட்டும் முள் சரிந்தால், சம்பில் ஆயில் குறைந்து பம்ப் காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆயில் நீர்த்துப்போவதைப் பலரும் கவனிப்பதில்லை. டிப் ஸ்டிக்கில் அளவு குறையாமல் இருப்பதைக் கண்டு ஓட்டுநர்கள் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் ஆயில் ஊற்றாமலேயே அளவு கூடியிருந்தால் அதில் பெரும்பாலும் டீசல் கலக்கிறது என்று பொருள். முகர்ந்து பார்த்தாலே வாசனை தெரியும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் சரியாக மூடாமல் சொட்டினால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக சம்புக்கு இறங்கும். இன்ஜின் ஆயிலையே எடுத்துக்கொண்டு இயங்கும் டீசல் பம்புகளில், டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தேய்ந்தால் அதன் வழியாகவும் கலக்கும். அதே சொட்டும் நாசில்தான் ஐடிலிங்கில் இன்ஜினை உதறவும் வைக்கிறது. இப்படி இரண்டு புகார்களுக்கும் வேர் ஒன்றாக இருக்கும் வண்டியில் பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு நாசிலை விட்டுவிட்டால், புதிய பேரிங்கும் நீர்த்த ஆயிலில் ஓடி விரைவில் தேயும்.

ஐடிலிங் வேகத்துக்கும் பிரஷருக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. ஆயில் பம்ப் கிராங்க்கிலிருந்து கியர் மூலம் சுழல்வதால், ஐடிலிங் ஆர்.பி.எம். குறிப்பிட்ட அளவைவிடக் குறைந்தாலே பிரஷரும் குறையும். ஆகவே கையேட்டில் உள்ள ஆர்.பி.எம்.முக்கு ஐடிலிங்கைச் சரிசெய்த பிறகே பிரஷரைப் பற்றிப் பேச வேண்டும். இன்ஜின் வேகம் சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் டீசல் லைனில் காற்று நுழைகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் இணைப்புகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதி உறிஞ்சும் பக்கம் என்பதால், இன்ஜின் ஓடும்போது அங்கே விரிசல் இருந்தாலும் டீசல் வெளியே கசியாமல் காற்று மட்டும் உள்ளே போகக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோளாறால் வீணான செலவு செய்தவர்கள் அநேகம்.

சீரற்ற உதறலாக இருந்தால், பழைய வகை டீசல் பம்ப் உள்ள இன்ஜின்களில், ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே தளர்த்திப் பார்க்கலாம். எந்த சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியும் இன்ஜின் ஓட்டம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் நாசிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால், பழுது கூடவே போகிறதா, அங்கேயே நிற்கிறதா என்பதிலிருந்து பழுது நாசிலிலா, அல்லது பம்ப், கம்ப்ரெஷன் பக்கமா என்பது தெளிவாகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கையை எட்ட வைத்தே இதைச் செய்ய வேண்டும். மிக அதிக அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் புதிய வகையான காமன் ரெயில் இன்ஜின்களில் ஒருபோதும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

இந்தச் சோதனைகளை விட்டுவிட்டு, விளக்கை மட்டும் அணைய வைக்கும் வேலைகள் நடப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றிவைப்பது, ரிலீஃப் வால்வு ஸ்ப்ரிங்குக்குப் பின்னால் வாஷர் போடுவது, இன்ஜினுக்குள் கியர் ஆயில் ஊற்றுவது எல்லாம் அந்த வகைதான். கியர் ஆயிலில் சேர்க்கப்படும் ரசாயனங்கள் பற்சக்கரங்களுக்கானவை; தாமிரம் கலந்த பேரிங்குகளையும் புஷ்களையும் அவை அரிக்கக்கூடும். கெட்டியான ஆயில் அதிகாலையில் வண்டியைக் கிளப்பும்போது பேரிங்கைச் சென்றடையத் தாமதமாகும். அந்த நேரத்தில் பேரிங் தேய வாய்ப்பு அதிகம்.

கேஜில் அளந்த பிறகும் சூட்டில் பிரஷர் அரை கிலோவுக்குக் கீழே இருந்து, அடியில் தட்டும் சத்தமும் கேட்டால், வண்டியை ஓட்டிக்கொண்டு வராமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்போதும் பல வண்டிகளில் இன்ஜினை இறக்காமலேயே சம்பைக் கழற்றி, ஸ்ட்ரெயினரையும் பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கன்ராடின் ஓரிரு பேரிங்குகளையும் பார்க்க முடியும். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதும் நல்லது. பேரிங் உலோகத் துகள்களைக் காந்தம் இழுக்காது என்பதால், காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு செய்யக் கூடாது.

லாரி உரிமையாளர் சங்கங்கள் தங்கள் அலுவலகங்களில் இரண்டு மெக்கானிக்கல் கேஜ்களையும், பல வகை இன்ஜின்களுக்குப் பொருந்தும் அடாப்டர்களையும் வாங்கி வைத்து, உறுப்பினர்களுக்கு இரவல் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஐ.டி.ஐ.க்களில் டீசல் மெக்கானிக் பிரிவில் பயிலும் மாணவர்களுக்கு, ஓடும் பழைய லாரி ஒன்றிலேயே இந்த அளவுகளை எடுத்துப் பதிவு செய்யும் பயிற்சியைக் கட்டாயமாகத் தர வேண்டும். பட்டறை உரிமையாளர்களும், இன்ஜினை இறக்கச் சொல்லும் முன், எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி வண்டி உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கனரக வாகன மெக்கானிக்,
சங்ககிரி.