ஹோஸ் எங்கே மேடேறுகிறது?

பாளையங்கோட்டை
ஆனி மாதம்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள். ஊர்ச் சங்கதி பிறகு. நீ கட்டுகிற விமானத்தின் ரேடியேட்டரைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் பெரிய ரேடியேட்டராக வாங்கிப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்பட்டு வாங்காதே. நீ அனுப்பிய படங்களைப் பேத்தி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினாள். நிதானமாகப் பார்த்தேன். ரேடியேட்டர் அளவில் எனக்குக் குறை தெரியவில்லை. ஹோஸ் போகிற பாதைதான் உறுத்துகிறது.

விமான எஞ்சினை நான் தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். டெப்போவில் பஸ் எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர் தலைமூடியைக் கழற்றி மாட்டியே காலம் போய்விட்டது. இருந்தாலும் நீ அனுப்பிய எஞ்சின் புத்தகத்தைப் பேத்தியின் உதவியோடு வரி விடாமல் படித்தேன். உன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் சிலிண்டரைக் குளிர்விக்கக் காற்று, ஹெட்டுக்கு மட்டும் தண்ணீர் என்பது எனக்குப் புதுச் செய்தி. பம்பிலிருந்து நாலு ஹோஸ் பிரிந்து நாலு ஹெட்டுக்கும் அடிப்பக்கமாக நுழைகிறது. ஹெட்டின் மேல்பக்கமாக வெளியே வந்து, எஞ்சின் தலைமேல், சூட்டில் விரிகிற தண்ணீருக்கு இடம் கொடுக்கிற எக்ஸ்பான்ஷன் டேங்கில் சேர்கிறது. அங்கிருந்து ரேடியேட்டர், திரும்பப் பம்ப். தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளியேறுவதால், உள்ளே காற்றுக் குமிழி இருந்தாலும் அதுவே மிதந்து டேங்குக்குப் போய்விடும். இந்த எஞ்சினைச் செய்த ஆஸ்திரியாக்காரன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான். அந்த நாலு ஹோஸில் நீ கை வைக்காதது நல்லது.

மிச்சப் பாதை நீ போட்டது. டேங்கிலிருந்து புறப்படுகிற 25 மில்லிமீட்டர் ஹோஸ், எஞ்சினைத் தாங்குகிற மவுண்ட் சட்டத்தின் மேல் குழாயைத் தாண்டுவதற்காக வளைந்து மேலேறி, அதற்குப் பிறகுதான் ரேடியேட்டருக்கு இறங்குகிறது. அந்த வளைவின் உச்சி, டேங்கிலிருந்து ஹோஸ் புறப்படும் வாயைவிட இரண்டு விரல்கடை உயரம் இருக்கும் என்று என் கண்ணுக்குப் படுகிறது. காற்று அங்கேதான் போய் உட்காரும். மவுண்ட் குழாய்க்கு மேலே கொண்டுபோகாமல் அடியில் கொண்டுபோ. ஹோஸ் கொஞ்சம் நீளும், பரவாயில்லை. டேங்கை விட்டால் ரேடியேட்டர் வரை இறக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியில் மாமா பம்புசெட்டுக்கு சக்‌ஷன் பைப் மாற்றியது ஞாபகம் இருக்கிறதா? கிணற்று மேட்டில் பைப் தூக்கிக்கொண்டு நின்றது. பம்பு கொஞ்சம் இழுக்கும், பிறகு வெறும் சத்தம் போடும். ஃபுட் வால்வை மாற்றிப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த மெக்கானிக் பைப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், தூர நின்றபடியே, "மேட்டுல ஏர் புடிச்சிருக்கு, இத இறக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இறக்கிப் போட்டதும் தண்ணீர் தொட்டி நிறையக் கொட்டியது. உன் எஞ்சினிலும் அதே காரியம்தான். கிணற்றில் தண்ணீர் வராமல் நின்றது, அவ்வளவுதான். இங்கே தண்ணீர் நின்றால் ஹெட் வளைந்துவிடும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். சூடு காட்டுகிற சென்சாருக்கு T வடிவ இணைப்பு ஒன்று போட்டிருக்கிறாயே, அது சரியாக அந்த வளைவின் உச்சியில் இருக்கிறது. அங்கே காற்றோ ஆவியோ தங்கினால் சென்சார் தண்ணீரைத் தொடாது. தண்ணீர் சுடுகிற அளவுக்கு அந்த ஆவி அதைச் சுடாது. மீட்டர் முள் பாட்டுக்குச் சாதுவாக நிற்கும்.

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறுகிற பஸ் ஒன்றில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். பாதி மலையில் முள் சிவப்பைத் தொட்டது. டிரைவர் நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே முள் விறுவிறுவென்று இறங்கியது. "சரியாயிருச்சுண்ணே" என்று அவர் சந்தோஷமாக ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அடுத்த வளைவில் எஞ்சின் இறுகி நின்றது. கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் மொத்தமும் ரோட்டில் போயிருந்தது. சென்சார் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. முள் இறங்கியதற்குக் காரணம் அதுதான். ஹெட்டைக் கழற்றி நேர்விளிம்புப் பட்டையை வைத்துப் பார்த்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவு வளைந்திருந்தது.

அதனால் சென்சாரை எப்போதும் தண்ணீர் நிற்கிற இடத்துக்கு மாற்று. அதோடு ஹெட்டின் உலோகச் சூட்டைக் காட்டுகிற சென்சார் ஒன்றும் வைத்துக்கொள். தண்ணீர் ஓடிப்போனாலும் உலோகம் பொய் சொல்லாது. புத்தகத்தில் கூலண்டுக்கு, அதாவது உள்ளே ஓடுகிற குளிர்விக்கும் தண்ணீருக்கு, உச்சம் 120 டிகிரி என்று போட்டிருக்கிறார்கள். உன் ஊர்க் கோடையில் அந்த எண்ணுக்குக் கீழே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதுதான் நீ தினமும் பார்க்க வேண்டிய கணக்கு.

போன வாரம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். நீ விமானம் கட்டுகிறாய் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "ஏல, ஆகாசத்துல வண்டி நின்னுட்டா அவன் எங்கன ஓரங்கட்டுவான்?" என்று கேட்டார்கள். எஞ்சின் நின்றாலும் விமானம் கல்லாக விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும் என்று எடுத்துச் சொன்னேன். அவர்கள் முகம் தெளியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் முழுக்கத் தெளியவில்லை. நான் இவ்வளவு நீட்டி எழுதுவதும் அதனால்தான்.

தரையில் ஓட்டிப் பார்த்தபோது சூடு அடங்கித்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அதை வைத்துத் திருப்தி அடையாதே. மேலே ஏறும்போதுதான் சோதனை. எஞ்சினுக்கு முழு ஆக்ஸிலேட்டர், குறைந்த வேகம், மூக்கு மேலே. சூடு அதிகம், ரேடியேட்டருக்குள் போகிற காற்று குறைவு. மாஞ்சோலை ஏற்றத்தில் பஸ்ஸுக்கும் அதே நிலைமைதான், ஆனால் பஸ்ஸுக்கு ரேடியேட்டரை ஒட்டியே ஃபேன் சுற்றுகிறது. உன் புரொப்பல்லர் நடுக்குடத்துக்குப் பக்கத்தில் அவ்வளவாகக் காற்றுத் தள்ளுவதில்லை. காரில் எஞ்சின் முழுச் சக்தியைக் கொடுப்பது எப்போதாவது ஒரு தடவை. விமானத்தில் முக்கால் சக்தியை ஒட்டியே மணிக்கணக்கில் ஓடுகிறது. நீ சொன்ன அந்த 40 மணி நேரச் சோதனைப் பறப்பில், முதல் சில பறப்புகளையாவது விடியற்காலையில் வைத்துக்கொள். கொஞ்சம் ஏறு, மூக்கைத் தாழ்த்தி ஆறவிடு, மறுபடி ஏறு.

அடுத்தது காற்று வழி. ரேடியேட்டருக்கும், எஞ்சினை மூடுகிற கூடான கௌலிங்குக்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி விட்டிருக்கிறாய். வரப்பில் எலி வளை இருந்தால் வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் போகாமல் அதன் வழியே போய்விடுமே, அப்படித்தான் காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்குள் நுழையாமல் அந்தச் சந்து வழியாக ஓடிவிடும். நாலு பக்கமும் ரப்பர் பட்டை வைத்து அடை. பெரிய ரேடியேட்டர் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த அடைப்பு ஒன்றே போதும் என்பது என் எண்ணம். டெப்போவிலும் ஃபேனைச் சுற்றி இருக்கிற தகரக் கூடு உடைந்த வண்டிதான் சூடாகி வரும். கூட்டை மாட்டினால் அடங்கிவிடும்.

காற்று நுழைகிற வாயைப் பெரிதாக வெட்டவும் வேண்டாம். வாய் சிறிதாக இருந்து, உள்ளே போகப் போகச் சீராக அகன்றால், காற்றின் வேகம் குறைந்து அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம்தான் அதை ஃபின்களுக்குள் தள்ளுகிறது. வெளியேறும் வழி நுழைகிற வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் சூடேறிய காற்றுக்கு அதிக இடம் வேண்டும். 1930-களில் இங்கிலாந்தில் மெரிடித் என்கிற ஆய்வாளர், ரேடியேட்டரில் சூடேறிய காற்றைச் சரியாகப் பின்னால் விட்டால் அதுவே கொஞ்சம் உந்துதலும் கொடுக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் விமானத்துக்கு வயிற்றில் ஒரு பை தொங்குமே, அது இந்தக் கணக்கில் வந்ததுதான். உன் வேகத்துக்கு உந்துதல் கிடைக்காது. குளிர்ச்சி கிடைத்தால் போதும்.

ஹோஸ் மாட்டுகிற இடங்களைப் பற்றி. அலுமினியக் குழாயின் நுனியை வழுவழுவென்று வெட்டி அப்படியே விட்டிருக்கிறாய். நுனியில் சுற்றிலும் ஒரு விளிம்பு எழுப்ப வேண்டும். கிளிப் அந்த விளிம்புக்கு உள்பக்கமாக உட்கார வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் ஏறும்போது கிளிப்போடு சேர்ந்து ஹோஸ் நழுவிவிடும். சிலிக்கான் ஹோஸ் மென்மையானது. பல் வெட்டிய சாதாரண கிளிப் அதைக் கடித்துவிடும். உள்பக்கம் வழுவழுப்பான பட்டை உள்ள கிளிப்பாகப் பார்த்து வாங்கு. ரேடியேட்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸுக்கு உள்ளே கம்பிச் சுருள் வை. அது பம்பு உறிஞ்சுகிற பக்கம். ஆர்பிஎம் ஏறும்போது மெல்லிய ஹோஸ் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 912 ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் பலமாக உலுக்குமாம். அதனால் எஞ்சினில் ஒரு நுனியும் பாடியில் ஒரு நுனியும் இருக்கிற ஹோஸை விறைப்பாக இழுத்துக் கட்டாதே. எக்ஸாஸ்ட் பக்கத்தில் போவதற்குத் தீ தாங்குகிற உறை போடு. ரப்பர் சாமான் அத்தனையும் 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது புத்தகம். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்று.

தண்ணீர் விஷயத்தில் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீர் ஊற்றி ஓடிய வண்டிகளின் ரேடியேட்டரை அறுத்துப் பார்த்தால் ட்யூபுக்குள் சுண்ணாம்பு பிடித்து ஊசி நுழையாது. தண்ணீரே கலக்காத கூலண்டு லேசில் கொதிக்காது என்பது சரிதான், ஆனால் அது தண்ணீரைப் போலச் சூட்டைச் சுமக்காது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

டேங்க் மூடியைச் சின்னச் சாமான் என்று நினைத்துவிடாதே. 10,000 அடி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கிறது. கொதிக்காமல் பிடித்து வைப்பது அந்த மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான். ஓவர்ஃப்ளோ பாட்டிலுக்குப் போகிற சின்ன ட்யூபின் நுனி எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கட்டும். எஞ்சின் ஆறும்போது திரும்ப உறிஞ்சுவது அந்த வழியில்தான். நுனி வெளியே இருந்தால் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

இப்போது ஊர்ச் சங்கதி. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது, சாயங்காலம் இங்கே வரைக்கும் அந்தக் காற்று வருகிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடி ஆட்களில் பலர் கீழே இறங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்குப் பணகுடி போனபோது மகேந்திரகிரியைப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே இஸ்ரோ சோதிக்கிற கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினுக்கு ரேடியேட்டரே கிடையாது. எரியப் போகிற திரவ ஹைட்ரஜனே முதலில் எரியறையின் சுவருக்குள் ஓடி அதைக் குளிர்வித்துவிட்டு, அதன் பிறகுதான் எரிகிறது. கல்யாண வீட்டில் பக்கத்தில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். அவர் பந்திக்கு எழுந்துவிட்டார். நீ இருந்திருந்தால் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டிருப்பாய்.

அத்தைக்குக் கால் வலிதான், மற்றபடி திடமாக இருக்கிறார்கள். கல்லிடை அப்பளம் கட்டி வைத்திருக்கிறார்கள், யாராவது வந்தால் கொடுத்துவிடலாம்.

மாற்றி முடித்ததும் எஞ்சினை ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய். கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர் ட்யூபை ஒரு பக்கம் டேங்கிலும் மறுபக்கம் ஹோஸின் ஒவ்வொரு வளைவிலும் பிடித்துப் பார். எந்த வளைவும் டேங்கிலிருந்து ஹோஸ் புறப்படும் வாயை மீறக் கூடாது. ரேடியேட்டரின் மேல் மூலை அதன் நுழைவாயைவிட உயரமாக நின்றால் அங்கே காற்றை வெளியே விடுகிற திருகு ஒன்று போட்டுக்கொள். பிறகு மூடி இருக்கிற இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கிற அழுத்தம் வரை ஏற்றி, ராத்திரி முழுக்க விடு. காலையில் கேஜ் அதே இடத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் நிரப்பும்போது புரொப்பல்லரைக் கையால் சுற்றினால் சுவிட்சை அணைத்துவிட்டு, ஓடுகிற திசையில் மட்டும் சுற்று.

அப்புறம் ஒரு படம் அனுப்பு. பக்கவாட்டில் தள்ளி நின்று, டேங்க் மூடியும் ரேடியேட்டரின் மேல் மூலையும் சென்சார் இருக்கிற இடமும் ஒரே படத்தில் வரும்படி எடு. அதைப் பார்த்துவிட்டு நான் பதில் எழுதுகிற வரைக்கும் கௌலிங்கை மூடாதே.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி