பரணில் இருந்த பிஸ்டன் பெட்டி

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சி வீட்டுப் பரணில் நீ சுற்றி வைத்திருந்த பிஸ்டன் செட்டை எடுத்துவிட்டேன். அம்மாவிடம் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. நாலும் இப்போது நம் பள்ளிக்கூட வாத்தியாரின் பழைய பிரீமியர் பத்மினி காரில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அது யாருக்காக வாங்கியது என்று எனக்குத் தெரியும். யாருக்குக் கேட்கிறேன் என்றால் உன் முகம் எப்படி மாறும் என்றும் தெரியும். நீ வேண்டாம் என்றால் மறுபடி கேட்க எனக்கு வாய் வராது. அதனால் ஏணி போட்டு ஏறிவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

இங்கே எல்லாரும் நலம். பெரியவள் பிளஸ் டூ, வீட்டில் டிவி இல்லை. உன் அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, நான் போனபோது மாடிப்படி ஏறி வந்தார். மஸ்கட்டில் வெயில் இறங்கியிருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை வாத்தியார் யாருக்கும் சொல்லாமல் பத்மினியை எடுத்துக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்பியிருக்கிறார். ஆழியாறு தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசி, லோம்ஸ் வியூ. நாம் எப்போதும் நிறுத்தி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்போமே, அதே இடம். அங்கிருந்து எனக்குப் போன். "ஏப்பா, இதக் கேளு" என்று பானட் பக்கம் போனை நீட்டினார். டக் டக் டக் என்று அடி. பேரிங் போன சத்தம். உடனே ஆஃப் பண்ணுங்கள் என்று கத்தினேன். "ஆயில் லைட் எரியலையேப்பா" என்றார். அந்த வார்த்தைதான் இரண்டு வாரம் என் தலைக்குள் சுற்றியது. ஆயில் பிரஷர் இருக்கிறது, லைட் எரியவில்லை, பிறகு எப்படி பேரிங் அடிக்கும்?

லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, நம் ஷெட்டில் செயின் கப்பி மாட்டி இன்ஜினை இறக்கினோம். நான், பாலிடெக்னிக் பையன், சிலிண்டர் கடைகிற நம் போர் அண்ணன், ஞாயிறானால் சேலத்து டாக்டர். வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கழற்றுகிற ஒவ்வொன்றுக்கும் நோட்டில் எண் போட்டார். அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பைத் திறந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மே மாதம் ஆயில் கசிவுக்கென்று ஒரு பட்டறையில் விட்டிருந்தார். சம்ப் ஜாயிண்டிலும், ஃபில்டர் உட்காரும் இடத்திலும் சிவப்பு சிலிக்கன் பேஸ்டை தோசைக்கு மாவு ஊற்றுவது மாதிரி ஊற்றியிருக்கிறார்கள். பேஸ்ட் போட்டு இறுக்கினால் இரண்டு பக்கமும் பிதுங்கும். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், துணியால் துடைத்துவிடுவார்கள். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? அது காய்ந்து, உதிர்ந்து, ஆயிலோடு கிளம்பிவிடுகிறது.

கிராங்கைக் கழற்றி ஆயில் ஓட்டைகளில் கம்பி விட்டுப் பார்த்தோம். மெயின் பேரிங்கில் இருந்து மூன்றாவது கனெக்டிங் ராடுக்குப் போகிற ஓட்டையில் கம்பி நின்றுவிட்டது. பையன் ஊசியால் நோண்டி எடுத்தான். கடுகு அளவு சிவப்புத் துண்டு. ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் பிய்ந்தது நேராக அங்கே போய் அடைத்திருக்கிறது. லைட்டுக்கான சுவிட்ச் மெயின் வழியில் இருக்கும் பிரஷரைத்தான் பார்க்கும். அங்கே பிரஷர் சரியாக இருந்தது. மூன்றாவது ராடுக்கு மட்டும் சொட்டு ஆயில் இல்லை. வாத்தியார் அந்தத் துண்டை வாங்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினார். பட்டறைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. 1978 மாடல், நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிய இன்ஜின், ஒரு கடுகால் நின்றது. கார்க் கேஸ்கட்டை லேசாகக் கிரீஸ் தடவி வைத்து, போல்ட்டைக் குறுக்கே குறுக்கே மாற்றி இறுக்கியிருந்தால் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கிராங்கை கிரைண்டிங்குக்குக் கொடுத்தாகிவிட்டது, மூன்றாவது ராடு உட்காரும் ஜர்னல் கீறியிருந்ததால் நாலையும் ஒரே அளவுக்கு இறக்கச் சொன்னோம், அந்த சைஸ் பேரிங் உக்கடத்திலேயே கிடைத்தது. சிலிண்டர் பிளாக்தான் பிரச்சினை. ரேஸ் கொடுத்தால் நீலப் புகை வருகிறது என்று நீ அப்போதே சொன்னாய் இல்லையா. போர் அண்ணன் கேஜ் விட்டுப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே ஒரு மில்லி ஓவர்சைஸ், இதுக்கு மேல தின்ன இடமில்ல" என்றார். சிலிண்டருக்குள் புதுக் குழாயாக ஸ்லீவ் அடித்து, துளையைப் பழையபடி கம்பெனி அளவான ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவருவதுதான் வழி. ஆனால் ஸ்டாண்டர்ட் பிஸ்டன் எங்கே? அவர் பிஸ்டனைக் கையில் வாங்காமல் போர் போடுகிறவர் இல்லை. ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கு எண் அடித்து, அந்த அளவுக்குத்தான் அந்த சிலிண்டரைத் தேய்ப்பார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விடுகிற இடைவெளி ஒரு மில்லியில் நூறில் ஐந்து பங்குக்கு மேல் போகக்கூடாது என்பார்.

உக்கடம் முழுக்க அலசினேன். சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள். எல்லா இடத்திலும் ஓவர்சைஸ் ஒன்றிரண்டு, அதுவும் நாலு சேரவில்லை. பம்பாய்க்குப் போன் போட்டேன். அங்கே சொன்னதுதான் மனதை அறுத்தது. பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது, ஆனாலும் இத்தனை வருடம் நமக்குப் பாகம் கிடைத்தது ஏன் தெரியுமா? அந்தக் கறுப்பு மஞ்சள் டாக்சிகள் ஓடியதால். அவர்கள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள், கடைக்காரர்கள் வைத்துக்கொண்டே இருந்தார்கள். டாக்சிக்கு 20 வருட வரம்பு. 2023 அக்டோபரோடு கடைசி பத்மினி டாக்சியும் முடிந்தது. இப்போது கடைகளில் அந்த அலமாரியில் வேறு சாமான். நாம் தனியாகத்தான் வண்டி வைத்திருக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் மாப்பிள்ளை. முகம் தெரியாத அத்தனை டாக்சிக்காரர்கள் நம் வண்டியையும் சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள்.

அன்று ராத்திரிதான் உன் பரண் ஞாபகம் வந்தது. பம்பாய் குர்லாவில் வாங்கி, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தாயே.

அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார். பெட்டி கொசுவலைக்குப் பின்னால் இருந்தது. தினத்தந்தி சுற்றி, சணல் கட்டி. மேலே அப்பா கையெழுத்தில் வண்டி நம்பர். அதைப் பார்த்ததும் கீழே இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் தயங்குவதைப் பார்த்து அம்மா, "கெடக்கறதுக்கு ஓடட்டும் சாமி, எடுத்துக்க" என்றார். பிரித்தால், மெழுகுத் தாள் பிசுபிசுப்புக் கூடப் போகவில்லை. ஒரு பிஸ்டனில்கூடக் கறை இல்லை, கீறல் இல்லை. அந்தத் தாளையும் சணலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கையெழுத்து இருக்கிற பக்கத்தை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

பிஸ்டனைப் பார்த்ததும் போர் அண்ணன் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். ஸ்லீவ் அடித்து, போர் போட்டு, ஹோனிங் முடிந்து பிளாக் வந்த அன்று வாத்தியார் பையனை உட்காரவைத்துக் கணக்குக் கொடுத்தார். விட்டம் 68 மில்லி, ஸ்ட்ரோக் 75, நாலு சிலிண்டர், என்ன சிசி? பையன் போனை எடுத்தான், பிடுங்கி வைத்துவிட்டார். 1089 வந்தது. "இப்ப 69 வெச்சுப் போடு கண்ணு." 1121 வந்தது. இத்தனை வருடம் ஆர்சியில் ஒன்றும் ரோட்டில் ஒன்றுமாக ஓட்டியிருக்கிறேன் என்று அவர் சிரித்தபோது எனக்கு எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. நீ கடைசி பெஞ்சில் என்ன செய்துகொண்டிருப்பாய் என்பதும்.

ரிங் போடும்போது ஒரு கண்டம். ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துச் சமமாகத் தள்ளி, ரிங்கின் இரண்டு நுனிக்கும் நடுவே இருக்கிற வாயிடைவெளியை, மெல்லிய தகடுகள் கோத்த ஃபீலர் கேஜால் பார்த்தோம். கால் மில்லியில் இருந்து 0.30 வரை இருக்கட்டும் என்று வைத்திருந்தோம். இரண்டாவதின் மேல் ரிங் குறைவாக இருந்தது, நயமான அரத்தால் நுனியை இழுத்தோம். அதைப் பிஸ்டனில் ஏற்றும்போது பையன் கொஞ்சம் அதிகமாக விரித்துவிட்டான். டிக். வார்ப்பிரும்பு, கண்ணாடி மாதிரிதான். அவன் மூலையில் போய்த் திரும்பி நின்றுகொண்டான். உன் செட்டில் மாற்று ரிங் இல்லை. மணி பத்தரை. சேலத்து டாக்டருக்குப் போன் போட்டேன், ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் வண்டிக்கென்று வாங்கி வைத்திருந்த ரிங் செட்டை அப்படியே விடிகாலை பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டார். ஆறு மணிக்குக் காந்திபுரத்தில் கண்டக்டர் கையில் இருந்து வாங்கினேன். புது ரிங்கைப் போட்டதும் பையன்தான். அவனைத்தான் போட வைக்க வேண்டும் என்று வாத்தியார் பிடிவாதம் பிடித்தார்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வாத்தியாருக்கு வலது கை நடுங்குகிறது. ஒரு வருடமாகவாம். நமக்கெல்லாம் மறைத்திருக்கிறார். அதனால்தான் நாற்காலி, அதனால்தான் நோட்டு. ஃபீலர் கேஜை நீட்டினால் இலைகள் கிலுகிலுவென்று அடிக்கின்றன, உடனே என்னிடம் கொடுத்துவிடுகிறார். நோட்டில் எழுத்தும் கோணல். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நாம் எழுதவே பழகினோம். வால்பாறைக்குத் தனியாகப் போனது கூட, ஒருமுறை நாற்பது வளைவையும் தன் கையால் ஓட்டிவிடலாம் என்றுதான். இதை அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிகிறது.

ஏற்காட்டில் உனக்கும் வாத்தியாருக்கும் வந்த மனஸ்தாபத்தில் யார் சரி என்று நான் இப்போதும் சொல்லப் போவதில்லை. பெட்டியைக் கொண்டுபோய் வைத்தபோது எங்கிருந்து என்று கேட்டார். சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த மஞ்சள் துணியை எடுத்து ஒவ்வொரு பிஸ்டனாக அவரே துடைத்து வைத்தார், இடது கையால்.

போன ஞாயிறு ஸ்டார்ட் பண்ணினோம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணைகிற வரை ஸ்டார்டரால் சுற்றி, எல்லா இடத்துக்கும் ஆயில் ஏறியதை உறுதி செய்துகொண்டு பிளக்கை மாட்டினோம். சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் வழியாக 'டபார்' என்று நெருப்பு. பையன் ஈரச் சாக்கோடு பாய்ந்தான். மறுபடி, மறுபடி அதே. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏப்பா, நாலாவது பொறி கேக்கறப்ப ஒண்ணாவதுக்குக் குடுக்கறீங்க" என்றார். சரிதான். முதல் பிஸ்டன் மேலே வந்ததைப் பார்த்தோமே தவிர, அது வந்தது புகையை வெளியே தள்ளுகிற எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில். பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் அரை வட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தது. திருப்பி வைத்ததும் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. நீ கேட்டிருக்க வேண்டும் மாப்பிள்ளை. புகை இல்லை, தட்டு இல்லை. போர் அண்ணன் சைலன்சருக்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்து எங்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்.

இதுவரை 140 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. ஐம்பதுக்கு மேல் போவதில்லை, ஒரே வேகத்திலும் விடுவதில்லை. சிறுவாணி ரோட்டில் காலையில் நானும் அவருமாகப் போய் வருகிறோம். ஸ்டீயரிங் அவர், கியர் நான். அந்த நீளச் சீட்டில் ஒட்டி உட்கார்ந்தால் ஸ்டீயரிங் தண்டில் இருக்கிற கியர் எனக்கு எட்டுகிறது, கிளட்சை மிதித்துவிட்டு 'ம்' என்பார். 500 ஆனதும் ஆயில் மாற்றி, ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கி, டேப்பட் அடிக்க, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். நான் அடிக்கட்டுமா என்று கேட்டேன். "அவன் வரட்டும், அவனுக்குத்தான் காது" என்றார்.

பொங்கலுக்கு நீ வருவதாக அம்மா சொன்னார். அதற்குள் 500 தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். பிஸ்டனுக்குப் பணம் கொடுத்தால் நீ வாங்க மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் வாத்தியார் கவரில் போட்டு உன் பெயர் எழுதி வைத்திருக்கிறார். எப்படி மறுப்பது என்பதை நீயே பார்த்துக்கொள்.

பரணில் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது, வாட்டர் பம்ப் கிட் என்று நினைக்கிறேன். அதையும் எடுத்துப் போகச் சொன்னார் அம்மா. நான் தொடவில்லை. நீ வந்து எடுத்துக் கொடு.

அன்புடன்,
உன் மச்சான்