ஒரே குழந்தை வந்தாலும் எம்.ஆர். தடுப்பூசி வயலைத் திறக்கச் சொல்லுங்கள்

வட்டார மருத்துவ அலுவலர்களுக்கு,

வணக்கம். புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்கு 9 மாதக் குழந்தையைத் தூக்கிவந்து, ஊசி போடாமலே திரும்பும் தாய்மார்கள் உண்டு. “இன்னும் ரெண்டு புள்ளைங்க சேரட்டும், அடுத்த வாரம் வாம்மா” என்று செவிலியர்கள் அனுப்பிவிடுகிறார்கள். மருந்து இல்லாமல் இல்லை. கேரியரில் ஐஸ் பேக்குகளுக்கு நடுவே தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.) வயல், அதாவது மருந்துக் குப்பி, பத்திரமாகத்தான் இருக்கிறது.

தூளாக வரும் மருந்து அது. வயலுக்கு 5 அல்லது 10 டோஸ். காலை 10 மணிக்குக் கலக்கினால் பிற்பகல் 2 மணிக்கு மிச்சத்தைக் கழித்துவிட வேண்டும். கிருமி வளராமல் தடுக்கும் சரக்கு அதில் கிடையாது. நேரம் தாண்டிய மருந்தைப் போட்டால் சில மணி நேரத்தில் கடுங்காய்ச்சல், வாந்தி, பேதி என்று உயிருக்கே வினையாகலாம். அந்த 4 மணி நேரக் கணக்கில் கை வைக்கச் சொல்லவில்லை. மிச்சம் வீணாகுமே என்று வயலைத் திறக்காமலே வைத்திருப்பதுதான் தவறு. ஒரு குழந்தைக்காகவும் திறக்கலாம் என்றுதான் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் மாதக் கூட்டத்தில் செவிலியர் பதில் சொல்ல வேண்டியது வீணான டோஸுக்கு. திருப்பி அனுப்பிய குழந்தைக்கு அல்ல. பிறகு அவர் எதை மிச்சப்படுத்துவார்?

இழப்பு ஒரு ஊசியோடு நிற்பதில்லை. 9 மாதத்தில் நிமோனியா பூஸ்டர், போலியோ ஊசியின் மூன்றாம் டோஸ், 1 மி.லி. வைட்டமின் ஏ எல்லாம் சேர்ந்தே வருகின்றன. “எல்லாத்தையும் சேத்தே போட்டுக்கலாம்” என்று அவையும் தள்ளிப்போகும். நிமோனியா, போலியோ வயல்களைத் திறந்த தேதி எழுதி, குளிர் கெடாமல் 28 நாள் வைத்துப் போடலாமே! கூலியை விட்டு வந்த தாய் மறு புதனும் வருவாள் என்று யார் சொன்னது?

வீணாவதைக் குறைக்க வழி இருக்கிறது. சிற்றூர்களுக்கு 5 டோஸ் வயலை ஒதுக்குங்கள். எம்.ஆர். போட வேண்டிய குழந்தைகளைக் காலை 10-லிருந்து 12-க்குள் வரச்சொல்லி, அங்கன்வாடிப் பணியாளர் மூலம் முந்தின நாளே தகவல் போகட்டும். முதலில் வந்த பிள்ளையை மட்டும் காக்க வைக்க வேண்டாம். தூளைக் கலக்கும் கரைப்பானையும் முந்தின நாளே ஐ.எல்.ஆரில் (தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில்) வைக்கச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்த கரைப்பானை ஊற்றினால் மருந்து அங்கேயே வீரியம் இழக்கும். அந்த வீண் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

மாத அறிக்கையில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: வந்தும் எம்.ஆர். போடாமல் திரும்பிய குழந்தைகள் எத்தனை, காரணம் என்ன.

இப்படிக்கு,
கிராமத் தடுப்பூசிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர்கள்